வீதி மூடப்படும்போது சுமை யாருக்கு?

மண்வெட்டி, உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், விதை, பசளை என்பவற்றைக் கமத்தொழிலின் கருவிகள் என்கின்றோம். இந்த வரிசையில் வீதியையும் சேர்க்க வேண்டும். விளைந்த கத்தரிக்காய் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது பணமாகும். பிள்ளை பாடசாலைக்கும், நோயாளி வைத்தியசாலைக்கும், இடம்பெயர்ந்த குடும்பம் தனது காணிக்கும் போய்ச் சேர்வது வீதியால்தான். ஆகவே ஒரு வீதி மூடப்படும்போது அந்த ஊரின் வாழ்க்கையில் ஒரு பகுதியும் சேர்ந்தே மூடப்படுகின்றது.

வீதிகள் பல காரணங்களுக்காக மூடப்படுகின்றன. பாதுகாப்பின் பெயரால் மூடப்படும் வீதிகளை நாம் நன்கு அறிவோம். மதகு உடைந்தால், வெள்ளம் பாய்ந்தால், காப்பெற் போடுவதற்காக வீதியைக் கிளறினால், ஆலயத் திருவிழா நடந்தால் கூட வீதி மூடப்படும். சில மணி நேரம் மூடப்படுவதும் உண்டு. முப்பத்துநான்கு ஆண்டுகள் மூடப்பட்டதும் உண்டு. காரணமும் காலமும் வேறுபட்டாலும், அதன் சுமை எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. பஸ்ஸில் போகின்றவர், சைக்கிளில் போகின்றவர், சொந்த வாகனத்தில் போகின்றவர் என ஒவ்வொருவருக்கும் அது வெவ்வேறு விதமாக விழுகின்றது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொண்டால்தான் அதிகாரிகளிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பது எமக்குப் புரியும்.

எமது மண் கண்ட மூடல்கள்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி 1990 இல் போர் மீண்டும் தொடங்கியதோடு ஊடறுக்கப்பட்டது. ஆனையிறவு வழியாகப் போக முடியாத நிலையில் எமது மக்கள் கொம்படி, ஊரியான் வெளிகளின் சேற்றினூடாகவும், பின்னர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தும் பயணம் செய்தார்கள். 1993 சனவரியில் அந்த நீரேரியில் பயணிகள் கொல்லப்பட்டதை நாம் மறக்க முடியாது. ஒரு தார் வீதியில் சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய பயணத்துக்காக மக்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

2002 இல் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து அவ்வீதி திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி முகமாலை ஊடான போக்குவரத்துத் தொடங்கியது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு வரவேண்டிய பொருள்கள் கப்பலிலே வந்தன. வெளியே போகவேண்டிய வெங்காயத்துக்கும் வாழைக்குலைக்கும் வழியில்லாமற் போயிற்று. வாங்க வேண்டிய சீனிக்கும் பால்மாவுக்கும் விலை ஏற, விற்க வேண்டிய மரக்கறிக்கு விலை இறங்கியது. வீதி மூடப்பட்டால் கமக்காரர் இரண்டு பக்கத்தாலும் நட்டப்படுவார் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. 2009 இல்தான் அவ்வீதி படிப்படியாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வலிகாமம் வடக்கில் நடந்தது வேறுவகை மூடல். 1990 யூனில் மக்கள் வெளியேறியதன் பின்னர், காணிகளோடு வீதிகளும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 2013 இல் அங்கு 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. மக்களின் போராட்டங்களையும் வழக்குகளையும் தொடர்ந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலை 3ஆம் திகதி விடுவிக்கப்பட்டது. ஆயினும் வீடும் தோட்டமும் துறையும் கையளிக்கப்பட்ட இடங்களிற் கூட, அவற்றுக்குப் போகும் நேர்வீதி மூடியபடியே இருந்ததால் மக்கள் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

பஸ்ஸை நம்பியிருப்போர்

சொந்த வாகனம் இல்லாதவர், வயோதிபர், கர்ப்பிணித் தாய்மார், பாடசாலைப் பிள்ளைகள், போரில் உறுப்பிழந்தோர் ஆகியோரே பஸ்ஸை அதிகம் நம்பியிருப்பவர்கள். வீதி மூடப்படும்போது இவர்களுக்கு நான்கு விதமான இழப்பு ஏற்படுகின்றது.

முதலாவது, தரிப்பிடம் இல்லாமற் போகின்றது. பஸ் வேறு வீதியாற் போகும்போது, மூடப்பட்ட பகுதியின் அருகில் வாழ்பவருக்கு அந்தப் பஸ் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். அவர் அடுத்த சந்தி வரை நடக்க வேண்டும். இளவயதினருக்கு இரண்டு கிலோ மீற்றர் அரை மணி நேர நடை. முழங்கால் நோவுள்ள ஆச்சிக்கு அது கிளினிக்குக்குப் போகாமல் வீட்டிலிருக்கக் காரணமாகின்றது.

இரண்டாவது, பயணங்களின் எண்ணிக்கை குறைகின்றது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பஸ் ஒரு முறை போவதற்கு 50 நிமிடம் எடுக்கின்றது என்றும், நாளுக்குப் போக்கும் வரவுமாகப் பத்து ஓட்டம் ஓடுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 நிமிடம். சுற்றுப் பாதையால் ஓர் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் கூடினால், அதே 500 நிமிடத்தில் எட்டு ஓட்டம்தான் ஓடலாம். இரண்டு ஓட்டம் அற்றுப்போகின்றது. அற்றுப்போவது பெரும்பாலும் சனம் குறைந்த முதல் ஓட்டமாகவோ கடைசி ஓட்டமாகவோ இருக்கும். அதிகாலைச் சந்தைக்குப் போகும் தோட்டக்காரருக்கும், பொழுதுபட்டு வேலையால் திரும்பும் பெண்ணுக்கும் தேவையானவை அந்த இரண்டு ஓட்டங்களே.

மூன்றாவது, செலவு கூடுகின்றது. பஸ் கட்டணம் தூரத்தை வைத்தே கணிக்கப்படுகின்றது. சுற்றுப் பாதை நீளமானால் கட்டணம் கூடலாம். அல்லது ஒரு பஸ்ஸில் போனவர் இடையில் இறங்கி இரண்டாவது பஸ் எடுக்க வேண்டி வரலாம். பாடசாலைப் பிள்ளைகளின் பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களுக்குத்தான் செல்லுபடியாகும். அந்தப் பஸ் வராமல் தனியார் பஸ் மட்டும் வந்தால், பிள்ளை கையிற் காசோடு போக வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள கூலித் தொழிலாளியின் குடும்பத்தில் இது அற்ப செலவல்ல.

நான்காவது, இணைப்புத் தவறுகின்றது. கிராமத்துப் பஸ் கால் மணி நேரம் பிந்தினால், பட்டினத்திலிருந்து புறப்படும் பஸ் போய்விடும். கால் மணிப் பிந்தல் ஒன்றரை மணிக் காத்திருப்பாக மாறும். ஒரு நாளுக்கு இரண்டே இரண்டு பஸ் ஓடும் ஊர்களில் அந்த நாளே வீணாகும்.

சைக்கிளில் செல்வோர்

சைக்கிள் எமது மக்களின் உற்ற தோழன். பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல்லுமூடையையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிள்தான். அதைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலமும் உண்டு. வீதி மூடப்பட்டால் ஒழுங்கையாற் போகலாம், மண்ணணையின் மேலாகத் தூக்கிக் கடக்கலாம் என்பது சைக்கிளின் பலம். அதனால் "சைக்கிள்காரருக்கு என்ன கஷ்டம்?" என்று அதிகாரிகளும் எண்ணிவிடுவார்கள். உண்மை அப்படியல்ல.

வாகனத்துக்குக் கூடுதல் தூரம் என்றால் எரிபொருள். சைக்கிளுக்குக் கூடுதல் தூரம் என்றால் மனித உடம்பு. ஒரு பக்கத்துக்கு மூன்று கிலோ மீற்றர் கூடினால் போய்வர ஆறு கிலோ மீற்றர். மணிக்கு 12 கிலோ மீற்றர் வேகத்தில் அது அரை மணி நேரம். மாதத்தில் 25 நாள் என்றால் 150 கிலோ மீற்றர். பன்னிரண்டரை மணி நேரம். ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரைக்குமான தூரத்தை, ஒவ்வொரு மாதமும், ஒரு பயனுமின்றி மேலதிகமாக மிதிக்கின்றார் அவர். கரியரில் சாக்கும் எதிரே சோளகக் காற்றும் இருந்தால் வேகம் இன்னும் குறையும்.

அடுத்தது ஆபத்து. பிரதான வீதி மூடப்பட்டால் லொறியும் பஸ்ஸும் கிராமத்து ஒடுங்கிய வீதிக்குள் திருப்பப்படுகின்றன. இதுவரை பிள்ளைகள் அமைதியாகச் சைக்கிளிற் போன வீதி அது. இருபுறமும் வேலியும் மதிலும். ஒதுங்க இடமில்லை. மழைக்காலத்தில் குழியும் தெரியாது. மாலையில் ரியூசனுக்குப் போகும் பெண்பிள்ளையைப் பெற்றோர் மறிப்பது அச்சத்தினாலேயே. மூடப்பட்ட வீதி இவ்வாறு ஒரு பிள்ளையின் படிப்பையும் மூடிவிடுகின்றது.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மூடப்பட்டிருந்த பகுதிகளின் அருகில் குறுக்கு வழி தேட வேண்டாம். மிதிவெடி அபாய அறிவித்தல் உள்ள இடங்களிலும், துப்புரவு செய்யப்பட்டதென்று உறுதி செய்யப்படாத ஒழுங்கைகளிலும், பற்றைக் காணிகளிலும் காலோ சில்லோ வைக்கக் கூடாது. பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் காலை இழந்தவர்கள் எம்மிடையே உள்ளார்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

வாகனச் சாரதிகள்

சொந்த மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லாண்ட்மாஸ்டர், லொறி வைத்திருப்போருக்குச் சுமை முக்கியமாகப் பணமாக விழுகின்றது. மேலே சொன்ன 150 கிலோ மீற்றரை, லீற்றருக்கு 40 கிலோ மீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் ஓடினால் மாதத்துக்கு மூன்றே முக்கால் லீற்றர் பெற்றோல். அதோடு ரயர் தேய்வும் உண்டு. 1990களின் தடைக் காலத்தில் பெற்றோல் ஓரிரு துளி விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய எமது சாரதிகளுக்கு, எரிபொருளின் அருமையை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் சாரதி தனக்கு விழும் சுமையை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்கலாம். முச்சக்கர வண்டிக்காரர் கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் வாடகை கேட்பார். மரக்கறி வியாபாரி லொறிச் செலவு கூடிவிட்டதென்று தோட்டத்தில் வைத்தே கிலோவுக்கு விலையைக் குறைப்பார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். எனினும் இதன் முடிவு என்ன? லொறியின் கூடுதற் செலவு, லொறி இல்லாத தோட்டக்காரரின் வருமானத்திலிருந்து கழிகின்றது. அதிலும் நூறு சாக்கு அனுப்புபவரை விட, இரண்டு சாக்கு அனுப்பும் சிறு தோட்டக்காரரே சாக்கு ஒன்றுக்குக் கூடுதலாக இழக்கின்றார். சுன்னாகத்துக்கோ மருதனார்மடத்துக்கோ பிந்திப் போகும் கீரையும் தக்காளியும் வாங்குபவர் சொன்ன விலைக்கே போகும்.

நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு நேரமே உயிர். 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கும்போது, எந்த வீதி மூடப்பட்டிருக்கின்றது, எந்தச் சந்தியால் வரவேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவர் சந்தியில் நின்று வழிகாட்டட்டும்.

இடம்பெயர்ந்தோருக்கு இரட்டைச் சுமை

மற்றவர்களுக்கு வீடும் தோட்டமும் ஒரே ஊரில். இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் படுப்பது ஓரிடம், காணி இன்னோரிடம், பிள்ளைகளின் பாடசாலை வேறோரிடம். ஆதலால் ஒரு வீதி மூடப்படுவது இவர்களை மூன்று மடங்கு தாக்குகின்றது. காணி விடுவிக்கப்பட்ட பின்பும் பற்றை வெட்டவும், கிணறு இறைக்கவும், வேலி அடைக்கவும் நாள்தோறும் போய்வர வேண்டும். சுற்றுப் பாதையில் இரண்டு மணி நேரம் போனால், வேலை செய்ய மிஞ்சுவது அரை நாள். இப்படிப் பல மாதம் அலைந்து களைத்து, "காணி கிடந்தாற் கிடக்கட்டும்" என்று கைவிடும் குடும்பங்களும் உண்டு. வெளியே இருந்து பார்ப்போர் இதை "மக்களுக்கு மீள்குடியேற விருப்பமில்லை" என்று எழுதிவிடுவார்கள். விருப்பம் இல்லாமற் போகவில்லை. வழிதான் இல்லாமற் போனது.

பாதி திறந்த வீதி

பலாலி – அச்சுவேலி வீதி 34 ஆண்டுகளின் பின் 2024 நவம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. வசாவிளான் சந்தியிலிருந்து பலாலி நோக்கிச் செல்லும் பிரதான வீதி 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். ஆனால் இரண்டாவது வீதி திறக்கப்பட்டபோது சில நிபந்தனைகளும் அறிவிக்கப்பட்டன. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் பயணம். நடந்து செல்லத் தடை. இடையில் வாகனத்தை நிறுத்தவும் திருப்பவும் தடை. பஸ் தவிர்ந்த பார வாகனங்களுக்குத் தடை. படம் பிடிக்கத் தடை.

இந்த நிபந்தனைகளை மேலே பார்த்த மூன்று பிரிவினரின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். காரில் போகின்றவருக்குப் பகல் வேளையில் வீதி ஏறக்குறைய முழுமையாகத் திறந்துவிட்டது. பஸ்ஸிற் போகின்றவர் அதனூடாகப் போகலாம், இடையில் இறங்க முடியாது. சைக்கிளில் போகின்றவருக்கு நடுவழியில் ரியூப் காற்றுப் போனால் அவர் என்ன செய்வது? நிற்கவும் கூடாது, நடக்கவும் கூடாது. மரக்கறி ஏற்றும் லொறிக்கு வழியில்லை. எல்லாவற்றிலும் மேலாக, வீதியோரத்தில் காணி உள்ள குடும்பம் தன் காணியை யன்னலால் பார்த்துக்கொண்டு போகலாம், இறங்கி மண்ணை மிதிக்க முடியாது. ஒரு வீதி திறக்கப்பட்டது என்று கேள்விப்பட்டதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: யாருக்குத் திறந்தது, எந்த நேரத்துக்குத் திறந்தது, எதற்காகத் திறந்தது?

நாம் செய்யக்கூடியவை

1. வீதி யாருடையது என்று அறியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. ஏனைய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. தவறான கந்தோருக்குப் போன மனு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

2. எண்ணிப் பாருங்கள். மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து ஒரு கிழமை சந்தியில் இருந்து எண்ணலாம். எத்தனை பஸ், எத்தனை சைக்கிள், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள்? சுற்றுப் பாதை எத்தனை கிலோ மீற்றர்? சந்தைக்குப் போக முன்னர் எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு? "எமக்குப் பெரும் கஷ்டம்" என்ற மனுவை ஒரு பக்கத்தில் வைத்துவிடலாம். "நாளொன்றுக்கு இத்தனை பிள்ளைகள் இத்தனை கிலோ மீற்றர் மேலதிகமாக மிதிக்கின்றார்கள்" என்ற மனுவுக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும்.

3. எழுத்தில் கேளுங்கள். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கும், வீதிக்குரிய கந்தோருக்கும் ஒரே நாளில் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள். பஸ் ஓட்டம் குறைந்தால், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையையும், இ.போ.ச. பஸ்ஸுக்கு உரிய சாலை முகாமையாளரையும் அணுக வேண்டும்.

4. தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் அரச கந்தோரின் தகவல் அலுவலரிடம் தமிழில் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழங்குவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. மறுத்தால் மேன்முறையீடு செய்ய உங்களுக்கும் இடமுண்டு. வீதி ஏன் மூடப்பட்டது, யாருடைய கட்டளை, எப்போது வேலை முடியும் என்று கேளுங்கள்.

5. முழுவதும் கிடைக்காவிட்டால் பகுதியைக் கேளுங்கள். திருத்த வேலைக்காக மூடும் வீதியில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஓரத்தில் ஒரு பாதை விடலாம். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் சுற்றுப் பாதையில் லொறிகளை மறிக்கலாம். தற்காலிகத் தரிப்பிடம் ஒன்றை அறிவித்து எழுதிப் போடலாம். மூடப்படும் நாளையும் திறக்கப்படும் நாளையும் முன்கூட்டியே ஒட்டச் சொல்லலாம். இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. கேட்பதற்கு ஆட்களே தேவை.

6. ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள். சிறு தோட்டக்காரர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு லாண்ட்மாஸ்டரில் சந்தைக்கு ஏற்றினால் செலவு பங்கிடப்படும். மோட்டார் சைக்கிளில் தனியே போகின்றவர் கிளினிக்குக்குப் போகும் அயலவரை ஏற்றிச் செல்லலாம். பெண்பிள்ளைகள் கூட்டாகச் சைக்கிளில் போக ஒழுங்கு செய்யலாம்.

திறந்த வழி எத்தகைய மாற்றத்தைத் தரும் என்பதையும் நாம் கண்டுள்ளோம். 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்கும் மன்னாருக்கும் போவோர் ஆனையிறவு, பரந்தன் என்று சுற்ற வேண்டிய தேவை நீங்கியது. பாதையிலே வாகனத்தை ஏற்றிக் காத்திருந்த மக்கள் பாலத்தின் மேலாக நேரே போனார்கள். அத்தகைய நன்மை ஓர் ஊர் மதகுக்கும், ஓர் ஒழுங்கைக்கும் அதனதன் அளவில் உண்டு.

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் வீதியில் அடிபட்டுக் கிடந்தவனை நாம் எல்லோரும் அறிவோம். அவனைக் கண்டும் விலகிப் போனவர்கள் இருவர். நின்று இறங்கியவன் ஒருவன். வீதி எல்லோருக்கும் பொதுவானது என்பதன் கருத்து, விரைவாகப் போகக்கூடியவன் போனாற் போதும் என்பதல்ல. நடப்பவனும், மிதிப்பவனும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனும், விழுந்து கிடப்பவனும் அந்த வீதிக்கு உரியவர்கள். உங்கள் ஊரில் ஒரு வீதி மூடப்பட்டிருந்தால், வருகின்ற ஞாயிறு பூசை முடிந்ததும் நான்கு பேர் கூடுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்திக்குப் போங்கள். எண்ணத் தொடங்குங்கள்.